இனிஷியல் போட்ட பக்கத்தில் ஒரு வரி

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலில் போகிறவர்களுக்கு வழி சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். டில்லியில் ஒரு சர்க்கார் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை, அதுதான் என் உத்தியோகம். அங்கிருந்து எந்தப் பக்கம் ரயில் ஏறினாலும் கடலைக் கண்ணால் பார்க்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும்.

ஒவ்வொரு கப்பலிலும் பிரிட்ஜ் என்று ஓர் அறை உண்டு. கப்பலை அங்கிருந்துதான் செலுத்துவார்கள். அந்த அறையில் ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கும். கடல் ஏறி வற்றும் நேரங்களுக்கு ஒன்று, சூரியனும் நட்சத்திரங்களும் எந்த நிமிடத்தில் எங்கே நிற்கும் என்பதற்கு ஒன்று, எந்தத் துறைமுகத்துக்குள் எப்படி நுழைவது என்பதற்கு ஒன்று. அவற்றோடு கலங்கரை விளக்குகளின் பட்டியலும் ஒன்று உண்டு. நம் கரையில் இருக்கும் விளக்குகளின் பட்டியலைத் தயாரிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. ஒரு விளக்குக்கு ஒரு வரி. இருக்கும் இடம், எத்தனை விநாடிக்கு எத்தனை வெட்டு, அதாவது எத்தனை முறை மின்னி மறையும், எவ்வளவு தூரம் தெரியும், கோபுரம் என்ன நிறம். இருட்டில் ஓர் ஒளியைப் பார்க்கிற மாலுமி அதன் வெட்டுகளை எண்ணிவிட்டு எங்கள் புத்தகத்தைப் புரட்டினால், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார். எங்கள் ஐந்து பேரின் கையெழுத்தை நம்பி ஒரு கப்பல் திரும்பும் என்பதை நினைத்தால் எனக்குச் சில நாள் பெருமையாகவும் சில நாள் சிரிப்பாகவும் இருக்கும். கோடையில் கூலர் தெறிக்கிற நீரைத் தவிர அந்தத் தாள்கள் வேறு தண்ணீர் கண்டதில்லை.

எழுதுவது என் வேலை. சரிபார்ப்பது இன்னொருவர் வேலை. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் நாகப்பட்டினத்துக்காரன், அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கிட்வாய் நகரில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிர் பிளாக்கில் இருந்தன. காலையில் இரண்டு சைக்கிள்களில் சேர்ந்தே ஆபீஸ் போவோம்.

அவருக்கு விளக்குப் பித்து. எது மினுக்கினாலும் எண்ணுவார். அவர் வீட்டு டியூப் லைட் கெட்டுப்போய்த் துடித்துக்கொண்டிருந்தபோது பால்கனியில் வந்து நின்றுகொண்டு எனக்குக் குரல் கொடுத்தார்.

“ஏந் தம்பி, நம்மூட்டு டியூப் லைட்டு நிமிசத்துக்கு ஏழு வெட்டு வெட்டுதுங்க. பட்டியல்ல சேத்திக்குங்க.”

மின்சாரம் போனால், “கிட்வாய் நகர் விளக்கு அணைந்தது, மறு அறிவிப்பு வரும்வரை” என்று எங்கள் அறிவிப்பு நடையிலேயே கத்துவார். பக்கத்து வீட்டு சர்தார்ஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர்தான் முதலில் சிரிப்பார்.

இவ்வளவுக்கும் அந்த மனிதர் கடலைப் பார்த்ததில்லை. பதினெட்டு வயதில் வேலைக்கு உத்தரவு வந்து டில்லிக்கு ரயிலேறியவர். ஊருக்குப் போகும்போதெல்லாம் மெட்ராஸில் வண்டி மாறுவார். குழந்தைகள், டிரங்குப் பெட்டி, கூஜா என்று பிளாட்பாரத்தோடு சரி. கொஞ்ச காலம் கழித்து அதுவே ஒரு வீம்பாகிவிட்டது. கரையில் நின்று பார்க்க அது என்ன ஏரியா குளமா என்பார். கப்பல் மேல் நிற்க வேண்டும், நம் புத்தகம் மேசையில் இருக்க வேண்டும், விளக்கு வர வேண்டும், எண்ணிப் பார்க்க வேண்டும், அப்படித்தான் முதல்முறை பார்ப்பேன் என்பார்.

“மெட்ராஸ்ல எறங்கி ஒரு ரிக்சா புடிச்சாக் கடலு,” என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லுவார். “இவருக்குக் கப்பலே வந்து கூப்புடோணுமாம்.”

அப்படிக் கூப்பிடக்கூடிய கப்பல் ஒன்று நிஜமாகவே இருந்தது. விளக்குகளுக்கு எண்ணெயும் சாமான்களும் கொண்டுபோகும் அரசுக் கப்பல். எங்கள் பிரிவிலிருந்து எப்போதாவது ஒருவரைப் பம்பாயில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகக் கொச்சி வரை பத்து நாள் போய்வரும். எழுதுகிறவர்கள் எதை எழுதுகிறோம் என்று பார்த்து வரட்டும் என்பது ஏற்பாடு. அந்த வருஷம் முறை அவருடையது. உத்தரவு வருவதற்கு முன்பே கரோல் பாக் கடைவீதியில் கித்தான் ஷூ வாங்கிவிட்டார். தினமும் மாலையில் அதைப் போட்டுக்கொண்டு பார்க்கில் நடந்து பழகினார். டெக்கில் வழுக்கக்கூடாதாம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

விளக்குகளைப் பற்றிய அறிவிப்புகள் வாரந்தோறும் வரும். அவற்றை எங்கள் மூலப்பிரதியில் ஏற்றுவேன். நிரந்தரமான மாற்றம் என்றால் மையில் எழுத வேண்டும். தற்காலிகம் என்றால் பென்சிலில் எழுத வேண்டும். விளக்கு பழையபடி ஆனதும் அழித்துவிடலாம். புதிய பதிப்புக்குத் தட்டச்சு செய்கிறவர் மையில் இருப்பதை மட்டும் எடுப்பார், பென்சிலைத் தொடமாட்டார். நான் ஒரு பக்கத்தை முடித்ததும் அண்ணன் அதை அறிவிப்புக் கட்டோடு ஒத்துப் பார்த்து அடியில் பச்சை மையில் இனிஷியல் போடுவார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் அவரிடம் திரும்பப் போக வேண்டும். அவர் பழைய இனிஷியலை அடித்துவிட்டு மறுபடி பார்த்துப் புதிதாகப் போடுவார்.

ஒரு டிசம்பர் மத்தியானம். மறுநாள் நான் லீவில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பதிப்புக்கான பக்கங்கள் எல்லாம் இனிஷியலோடு கட்டி வைக்கப்பட்டிருந்தன. மேசையைச் சுத்தம் செய்தபோது டிராயரின் அடியில் ஏற்றாமல் விட்ட ஓர் அறிவிப்புச் சீட்டு கிடைத்தது. கொங்கணக் கரையில் ஒரு பாறைத்தீவின் விளக்கு. பதினைந்து விநாடிக்கு மூன்று வெட்டு வெட்டுகிற விளக்கு அது. சீட்டின் முதல் இரண்டு வரி, இப்போது நிலையான ஒளி காட்டுகிறது என்றது. மூன்றாவது வரி, பழுது பார்த்து முடியும் வரை தற்காலிகமாக என்றது. மூன்றாவது வரியை நான் படிக்கவில்லை.

அண்ணன் கீழே புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். டில்லிக் குளிரில் மத்தியானம் ஒரு மணிக்கு எல்லா சர்க்கார் பவன்களும் காலியாகிப் புல்வெளிகள் நிரம்பிவிடும். சீட்டை அவரிடம் கொண்டுபோனால் அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, சீட்டை மூன்று முறை படித்து, மேலே வந்து, கட்டைப் பிரித்து, இனிஷியலை அடித்து, மறுபடி போடுவார். எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கை கட்ட வேண்டியிருந்தது. நானே கட்டைப் பிரித்தேன். பேனாவால் அந்த வரியை எழுதினேன். கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பழுது பார்த்து முடிந்தது என்ற அறிவிப்பு நான் லீவில் இருந்தபோது வந்தது. எனக்குப் பதிலாக இருந்தவர் அழிப்பதற்குப் பென்சில் எழுத்தைத் தேடினார். அப்படி ஒன்றும் இல்லாததால் ஃபைலில் போட்டுவிட்டார். புத்தகம் அச்சாகிக் கப்பல்களுக்குப் போயிற்று.

அண்ணன் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது ஒரு கப்பல் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. விடியப் போகும் நேரத்தில் அந்தத் தீவை நெருங்கியிருக்கிறார். நிலையான ஒளி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வெட்டு. இது வேறு தீவோ என்று சந்தேகப்பட்டு, வேகத்தைக் குறைத்து, பொழுது விடிந்து பாறையைக் கண்ணால் பார்க்கும் வரை அங்கேயே நின்றிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடிதம் நல்ல நகைச்சுவையோடு இருந்தது. உங்கள் புத்தகமும் விளக்கும் ஒத்துப்போகவில்லை, இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும், விளக்கைத் திருத்துவது சிரமம் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

எங்கள் அதிகாரி பழைய கப்பல்காரர். எல்லோரும் கேப்டன் சாஹப் என்போம். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மூலப்பிரதி விரித்து வைக்கப்பட்டிருந்தது. வரி என் கையெழுத்தில் இருந்தது, அடியில் அண்ணனின் பச்சை இனிஷியல். என்னைப் பார்த்து, தற்காலிகத்தை மையில் எழுதினாயா, கழுதை என்று இந்தியில் ஒரே வாக்கியத்தோடு விட்டுவிட்டார். அவருடைய சட்டம் எங்களுக்குத் தெரியும். எழுதுகிறவன் தப்புச் செய்வான், அதற்குத்தான் பார்க்கிறவன் இருக்கிறான், ஆகவே குற்றம் பார்க்கிறவனுடையது. அண்ணனிடம்தான் கேட்டார், இதை எப்படி விட்டாய் என்று.

அண்ணன் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அந்த வரியைத் தான் பார்த்த ஞாபகமே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பார்க்கவே இல்லையே, எப்படி ஞாபகம் இருக்கும்?

“இனிஷியல் என்னுதுதான் சாஹப்,” என்றார். “நான்தான் உட்டுட்டேன்.”

அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இனிஷியலுக்குப் பிறகு எழுதினேன் என்று மூன்று வார்த்தை. சொன்னால் மெமோ வரும், வேறு பிரிவுக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஒரு நினைப்பு. கேப்டன் சாஹப் அதற்குள் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். காகிதத்தில் இருப்பதே தெரியாதவனுக்குக் கடலில் என்ன தெரியும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ போ, போய் அந்த விளக்கின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைத் தட்டினார். நான் ஏதோ ஆரம்பித்தேன். பரவாயில்லை தம்பி, நீங்கள் கடற்கரைக்காரர்தானே, போய் வாருங்கள் என்றார். அன்று சாயங்காலம் கித்தான் ஷூவையும் அவர் மனைவி கப்பலுக்கென்றே போட்டு வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாயையும் கொண்டுவந்து கொடுத்தார். ஷூ எனக்கு ஒரு சைஸ் பெரிது. முனையில் இந்திப் பேப்பரைச் சுருட்டி அடைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவர் அரை நாள் லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். முன்பைவிடத் தடிமனான கண்ணாடி. நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போய்ப் பம்பாய் ரயிலில் ஏறிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பத்து நாளும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊறுகாய் இரண்டே நாளில் தீர்ந்தது. மாலுமிகள் விரலை விட்டு வழித்துச் சாப்பிட்டார்கள். பிரிட்ஜில் இரண்டாம் அதிகாரியாக ஒரு மலையாள இளைஞர் இருந்தார். புத்தகங்களைத் திருத்தி வைப்பது அவர் பொறுப்பு. எங்கள் பட்டியலை எழுதுகிறவன் நான் என்று தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். தாடி வைத்த கிழட்டுக் கப்பல் தலைவர்கள் கடற்கரை பங்களாவில் உட்கார்ந்து அதை எழுதுகிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். டில்லியில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, ஹீட்டருக்குக் காலைக் காட்டியபடி எழுதுகிறோம் என்றேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நான்காம் நாள் அந்தி கழிந்ததும் அந்தத் தீவு வந்தது. இருட்டில் ஒரு புள்ளி மூன்று தரம் வெட்டி மறைந்தது. இரண்டாம் அதிகாரி கடிகாரத்தைப் பிடித்தார். நான் வாய்விட்டு எண்ணினேன். பதினைந்தில் மறுபடி மூன்று. கடற்கரையிலேயே வளர்ந்தவன் நான், ஆனால் எழுதிய வரி கண்முன் நடப்பதை அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் அதிகாரி புத்தகத்தைத் திறந்து காட்டினார். அச்சான என் வரியை அடித்து, மேலே சரியானதை மையில் எழுதி, ஓரத்தில் நாங்கள் பிறகு அனுப்பிய திருத்த அறிவிப்பின் எண்ணையும் குறித்து வைத்திருந்தார்.

“இது எப்படி சார் விட்டுப்போச்சு?” என்று கேட்டார்.

“எங்க ஆபீஸ்ல சரிபாக்கறவர் ஒருத்தர்,” என்றேன். “வயசாச்சு. பார்வை கொஞ்சம் மங்கல்.”

யாரும் என்னை மிரட்டவில்லை. அந்தப் பிள்ளைக்கு அண்ணன் யாரென்றே தெரியாது. என்மேல்தான் தப்பு என்று சொல்லியிருந்தாலும் என் வேலைக்கு ஒன்றும் வந்திருக்காது. என்றாலும் சொன்னேன். இந்த வாக்கியத்தை மட்டும் பிறகு அண்ணனிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

திரும்பி வந்ததும் அண்ணன் வீட்டில் எனக்கு விருந்து. கேசரி, பஜ்ஜி. எண்ணினீர்களா, பதினைந்துதானா என்று கேட்டார். பதினைந்துதான் என்றேன். மூன்றாவது வெட்டுக்கும் இருட்டுக்கும் நடுவில் எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னேன். ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான், இனிமேலாவது மெட்ராஸில் இறங்கிப் பார்க்கலாம் என்று ஜாடையாகச் சொன்னார்.

ஆனால் ஆபீஸில் அவர் மாறிவிட்டார். ஒரு பக்கத்தை மூன்று முறை பார்த்தார். இனிஷியல் போட்ட பிறகும் என்னைக் கூப்பிட்டு, இதையும் ஒருமுறை பாருங்கள் தம்பி என்றார். நான் பார்த்துக் கொடுத்த பிறகு தட்டச்சு செய்பவரையும் பார்க்கச் சொன்னார். எங்கள் பிரிவின் வேலை ஆமை வேகத்துக்கு இறங்கியது. சைக்கிளில் போகும்போது முன்போல எதையும் எண்ணிச் சொல்வதில்லை. அவர் வீட்டு டியூப் லைட் மறுபடி கெட்டபோது பால்கனிக்கு வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டார்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் மேசையில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. பார்வைக் குறைவு காரணமாகத் தன்னைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து விடுவித்துத் தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றும்படி கேப்டன் சாஹபுக்கு எழுதியிருந்தார். அதாவது உறையில் முகவரி ஒட்டி முத்திரை குத்துகிற வேலை. மத்தியானம் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

அன்று புல்வெளியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை கொடுத்தார்.

“அண்ணே, அந்த வரிய நீங்க பாக்கல. ஏன்னா நீங்க பாக்கறப்ப அது அங்க இல்ல,” என்றேன். “நீங்க இனிஷியல் போட்டப்புறம் நான் எழுதுனேன்.”

உரிப்பதை நிறுத்தினார். “எப்போ?”

“லீவுக்குப் போறதுக்கு மொத நாளு. நீங்க இங்கதான் வெயில்ல உக்காந்திருந்தீங்க.”

உரித்த பருப்பு அவர் கையிலேயே இருந்தது. பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ இந்திப் பாட்டை முணுமுணுத்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. கப்பலுக்கு நீங்கள்தான் போயிருக்க வேண்டும், உங்கள் கடலை நான் எடுத்துக்கொண்டேன் என்று இரண்டு வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“கப்பலு கெடக்குது, உடுங்க,” என்றார். “ரெண்டு வருசமா என்ற கண்ண நானே நம்பாமக் கெடந்தேன். பஸ் நம்பரக்கூடப் பக்கத்துல நிக்கறவனக் கேட்டுப்போட்டு ஏறுனேன். அதைய ஆரு திருப்பித் தருவா?”

நான் கணக்குப் போட்டிருந்த குற்றம் வேறு, செய்த குற்றம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் மடியில் கிடந்த வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து போனார். மேலே போய் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார் என்று பிறகு தட்டச்சு செய்பவர் சொன்னார்.

அன்று மாலையே எல்லாவற்றையும் கேப்டன் சாஹபுக்கு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அச்சா,” என்றார், “அப்போ உன்னை மன்னிப்புக் கேட்கத் தப்பான இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.” மெமோ கொடுத்தார். கூடவே, தபால் அனுப்பும் பிரிவில் ஒரு இடம் தயாராகத்தானே இருக்கிறது என்று என்னை அங்கே போட்டார்.

மறுநாள் அண்ணன் பழைய கண்ணாடியோடு வந்தார். சைக்கிளில் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் பேசவில்லை. நான் தரைத்தளத்தில் முத்திரை குத்திக்கொண்டிருப்பேன். அச்சகத்துக்கு அனுப்ப மேலிருந்து பச்சை இனிஷியலோடு பக்கங்கள் மளமளவென்று வந்துகொண்டிருக்கும். ஒரு பக்கத்தில்கூட இரண்டு முறை போட்டதாக அடையாளம் இல்லை. அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவரே கீழே வந்தார். என் மேசை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. சற்று நின்று பார்த்தார்.

“எட்டு விநாடிக்கு ரெண்டு வெட்டுங்க சார்,” என்றார். “அறிவிப்புக் குடுத்தாச்சுங்களா?”

நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். இரண்டு டீ சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புதிதாக வந்த பையன் பென்சிலைக் காதில் சொருகிவிட்டு ஊரெல்லாம் தேடிய கதையைச் சொன்னார். பழைய கலகலப்பு முழுதும் வந்துவிட்டது. டீ ஆறிய பிறகுதான் அந்த ‘சார்’ எனக்கு உறைத்தது. அடுத்த முறையும் சார்தான். வீட்டுக்கு வந்து என் மனைவி எதிரில் பேசும்போதும் சார்தான். ‘தம்பி’ என்று அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த பயணத்துக்கு கேப்டன் சாஹப் அவர் பெயரைத்தான் எழுதினார். ஆனால் அந்தக் கப்பல் பழுதுபார்க்கப் போய்விட்டது. அது திரும்பக் கடலில் இறங்குவதற்குள் அண்ணன் ஓய்வு பெற்றார். புதுடில்லி ஸ்டேஷனில் அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கி ஏற்றினேன். அவர் மனைவி வழிக்குச் சப்பாத்தியும் எலுமிச்சஞ்சாதமும் கட்டி மடியில் வைத்திருந்தார். வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெட்ராஸில் வண்டி மாற அரை நாள் இருக்கிறது, ஒரு ரிக்ஷா பிடித்துக் கடலைப் பார்த்துவிட்டுப் போங்கள் அண்ணே என்றேன்.

“ஏனுங்க, சார் சொல்றாரு, கேட்டுக்குங்க,” என்றார் அவர் மனைவி.

அவர் பழைய கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். என்னை நன்றாகப் பார்த்தார்.

“நேரமிருந்தாப் பாத்துக்கலாமுங்க சார்,” என்றார்.

வண்டி நகர்ந்தது. பார்த்தாரா என்று கேட்டு ஒரு கடிதம் எழுத எனக்குக் கடைசி வரை துணிச்சல் வரவில்லை.